9 சைட்டேஷன், ஒரு வாட்ஸ்அப் வரைபடம்: படிவத்தில் எதை எழுதுவது?

பாலாற்றங்கரை:
ராணிப்பேட்டைப் பக்கம் தோல் ஷாப்பு (தோல் பதனிடும் ஆலை) கழிவு இறங்கிய கிணறுகளில் குரோமியம் எவ்வளவு என்று மூன்று வருஷம் தண்ணீர் எடுத்துப் பார்த்து ஒரு பேப்பர் போட்டேன். இதுவரை 9 சைட்டேஷன் (மற்ற பேப்பர்கள் மேற்கோள் காட்டிய எண்ணிக்கை), ஆல்ட்மெட்ரிக் (இணையத்தில் எவ்வளவு பேசப்பட்டது என்ற மதிப்பெண்) 2. ஆனால் அதிலுள்ள கிணற்று வரைபடத்தை யாரோ தமிழில் எழுதி வாட்ஸ்அப்பில் விட்டிருக்கிறார்கள். போன மாதம் வாலாஜா டீக்கடையில் ஒரு பெரியவர் என்னிடமே அதைக் காட்டி, "பாருங்க சார், எங்க கிணறு செவப்புல இருக்குது" என்றார். பதவி உயர்வுப் படிவத்தில் எண்ணுக்கு மட்டும்தான் கட்டம். என்ன செய்வது?

காட்பாடிலேப்:
தம்பி, அந்த 9 குறைவு என்று யார் சொன்னது? துறைக்குத் துறை அளவு மாறும். 2005-ல் ஹிர்ஷ் சொன்ன ஹெச்-இண்டெக்ஸையே பாருங்கள்: குறைந்தது 3 சைட்டேஷன் வாங்கிய பேப்பர் 3 இருந்தால் 3, குறைந்தது 4 வாங்கியது 4 இருந்தால் 4, இப்படி எட்டும் பெரிய எண். ஐந்து பேப்பருக்கு 40, 12, 6, 3, 1 என்று வந்திருந்தால் அது 3. அந்த 40 நாளைக்கு 400 ஆனாலும் அதே 3. இம்பாக்ட் ஃபேக்டரோ இதழில் வரும் பேப்பர்களின் சராசரி சைட்டேஷன், உங்கள் பேப்பரின் தரம் இல்லை. அதை வைத்து ஆளை எடைபோடாதீர்கள் என்றுதான் 2012-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கூடி டோரா பிரகடனம் எழுதினார்கள்.

மலைக்கோடி:
ஆல்ட்மெட்ரிக் ட்வீட், செய்தி, விக்கிபீடியா, அரசுக் கொள்கை ஆவணம் இதையெல்லாம் எண்ணும், வாட்ஸ்அப் மூடிய குழு என்பதால் அங்கே எட்டாது, பேப்பரின் டிஓஐ (நிரந்தர இணைய அடையாள எண்) இணைப்பு இல்லாத படம் பெரும்பாலும் கணக்கிலேயே வராது. அப்புறம், பேச்சு அதிகம் என்றால் நல்ல ஆய்வு என்றும் இல்லை. 12 குழந்தைகளை வைத்து, எம்எம்ஆர் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்டு, வேக்ஃபீல்ட் 1998-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையை 2010-ல் திரும்பப் பெற்றார்கள், ஆனாலும் அதற்கு மேற்கோள் குவிந்தது, தப்பு என்று மறுத்து எழுதுகிறவரும் அதைக் காட்டித்தானே எழுத வேண்டும்.

கரிகிரிஅக்கா:
நம்ம வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயில் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். அந்தக் கை டம்ளரைப் பிடித்ததே, அதை எந்த இண்டெக்ஸில் போடுவீர்கள்? தம்பி, தனித்தாள் ஒன்று இணையுங்கள். எந்த ஊராட்சி, எந்தக் கிணறு, உங்கள் பேப்பரைப் பார்த்த பிறகு யார் என்ன மாற்றினார்கள் என்று தேதியோடு எழுதி, ஊராட்சித் தலைவரிடம் ஒரு கடிதமும் வாங்குங்கள். தமிழ்ச் சுருக்கத்தை நீங்களே எழுதி ஸெனோடோ என்ற இணைய ஆய்வுக் களஞ்சியத்தில் ஏற்றினால் அதற்கும் டிஓஐ கிடைக்கும், காசு கிடையாது.

பாலாற்றங்கரை:
ரொம்ப நன்றி அக்கா. சனிக்கிழமை வாலாஜா போகிறேன். அவர் கிணறு வரைபடத்தில் எத்தனையாவது எண் என்றுகூடக் கேட்காமல் வந்துவிட்டேன், குடிக்க இப்போது எங்கே தண்ணீர் எடுக்கிறார்கள் என்பதும் தெரிய வேண்டும்.