வலி குறைந்தது, செருப்பு கழன்று விழுந்தது

(முதுகெலும்பில் நரம்பு நசுங்கிய மூன்று வீட்டார் எழுதியது. ஊர்கள் எல்லாம் கன்னியாகுமரி மாவட்டம்.)

குலசேகரம் பக்கத்திலிருந்து:

எனக்கு வயது 46. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை. விடியும் முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவேன். வெட்டுப்பட்டை அடிமரத்துக்கு வந்துவிட்டால் ஒவ்வொரு மரத்துக்கும் குனிய வேண்டும். அப்புறம் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஏற்றம் ஏற வேண்டும். இருபது வருடமாக இதுதான்.

போன கார்த்திகையில் இடது பிட்டத்தில் ஒரு வலி தொடங்கியது. தொடையின் வெளிப்பக்கமாகக் கணுக்கால் வரை கோடு கிழித்த மாதிரி இறங்கும். தும்மினால் கரண்ட் அடிக்கும். இடுப்பில் பெரிதாக ஒன்றும் இல்லாததால் காலில்தான் கோளாறு என்று நினைத்து, ஒன்றரை மாதம் காலுக்கே தைலம் தேய்த்தேன். வலியும் குறைந்தது. சரி, தைலம் பிடித்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன்.

ஒருநாள் சரிவில் வெட்டிக்கொண்டு போகும்போது குனிந்து பார்த்தால் இடது காலில் செருப்பு இல்லை. விளக்கடித்துத் தேடினால் எட்டு மரத்துக்குப் பின்னால் கிடக்கிறது. கழன்றதே தெரியவில்லை. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் வார் உரசும் உணர்வே இல்லை. வீட்டில் சொன்னபோது மனைவி, “நானே கேக்கணும்னு இருந்தேன். படி இறங்கும்போது உங்க இடது கால் ‘பட்’டுன்னு விழுதே, ஏன்?” என்றாள்.

நாகர்கோவிலில் டாக்டர் குதிகாலால் நடக்கச் சொன்னார். இடது பாதம் தூக்கவே வரவில்லை. என் பெருவிரலை அவர் ஒற்றை விரலால் அமுக்கினார், அப்படியே மடங்கிவிட்டது. ஸ்கேன் பார்க்கும் முன்பே, இடுப்புப் பகுதியின் நாலாவது ஐந்தாவது முள்ளெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் பிதுங்கி, அங்கிருந்து காலுக்குக் கிளம்பும் நரம்பின் வேரை நெரிக்கிறது என்றார். எம்.ஆர்.ஐ.யிலும் அதேதான் வந்தது.

அவர் விளக்கியதில் ஒன்று மனதில் நின்றுவிட்டது. நல்ல நரம்பை வெறுமனே அமுக்கினால் சம்மணம் போட்டு உட்கார்ந்த மாதிரி மரத்துத்தான் போகும். டிஸ்கின் உள்ளே இருக்கும் கொழகொழப்பு கசிந்து வேரில் பட்டு அழற்சி வந்தால்தான் அந்தக் கொடிய வலி. கைகால் நரம்புக்கு இருக்கும் கெட்டியான உறை வேர்ப்பகுதியில் இல்லை. அதனால் சின்ன அழுத்தத்திலேயே ரத்த ஓட்டம் தடைபட்டு வீங்கிவிடும். அந்த வேர் காலுக்குப் போவதால் மூளை அதைக் கால்வலி என்றே எடுத்துக்கொள்கிறது. வலி குறைந்து பலமும் குறைந்தால் அது குணம் இல்லை, நரம்பு வேலையை நிறுத்திக்கொண்டு வருகிறது.

முட்டத்திலிருந்து:

என் வீட்டுக்காரர் கடல்தொழில். அவருக்குக் கழுத்து. வலது தோளிலிருந்து கட்டைவிரல் வரை வலி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போகும். வலை பின்னும்போது ஊசி கையிலிருந்து நழுவும். கையைத் தூக்கித் தலையில் வைத்தால் மட்டும் வலி குறையும் என்று எப்போதும் அப்படியே உட்கார்ந்திருப்பார். மாமியார் பார்த்துவிட்டு, “தலையில கை வைக்காதல மக்கா, வீட்டுக்கு ஆகாது” என்று அழுவார்கள். டாக்டர் அதைக் கேட்டதும், கை மேலே போனால் வேர் மேல் உள்ள இழுப்பு தளரும், அதனால்தான் சுகம் என்றார். ஐந்தாவது ஆறாவது கழுத்தெலும்புக்கு நடுவில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறதாம். ஆபரேஷன் இல்லை. மாத்திரை, பயிற்சி, வலை இழுக்காமல் பத்து வாரம். இப்போது கடலுக்குப் போகிறார். பெரும்பாலும் இப்படியே சரியாகிவிடும் என்று சொன்னார்கள், பயப்பட வேண்டாம்.

அருமனையிலிருந்து:

என் அம்மா அண்டி ஆபீசில் (முந்திரிக்கொட்டைத் தொழிற்சாலையில்) உட்கார்ந்தே வேலை செய்தவர். இரண்டு காலிலும் வலி வந்தது, பிறகு உட்காரும் இடம் மரத்துப்போனது, சிறுநீர் வரவில்லை. வெட்கப்பட்டு இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. தண்டுவடம் மேல் இடுப்போடு முடிந்துவிடுமாம். அதற்குக் கீழே வேர்கள் குதிரைவால் மாதிரி தொங்கும், அந்தக் கொத்தே நசுங்கியிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று ராத்திரியே ஆபரேஷன் செய்தார்கள். நடக்கிறார், ஆனால் சிறுநீர் விஷயம் முழுசாகத் திரும்பவில்லை. வீட்டில் யாருக்காவது இப்படி இருந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். அம்மாக்களிடம் நாமே வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

மறுபடியும் குலசேகரம்:

எனக்கு ஆபரேஷன் ஆனதா என்று கேட்டிருந்தீர்கள். ஆமாம், பலம் குறைந்துகொண்டே வந்ததால் செய்தோம். மிச்சமிருந்த வலி அன்று சாயங்காலமே போய்விட்டது. பெருவிரல் தூக்க வர ஐந்து மாதம் ஆனது. நசுங்கிய நரம்பு மெதுவாகத்தான் தேறுமாம். செருப்பு இப்போது கழல்வதில்லை. பாதத்தின் மேல்பக்கம் ஒரு உள்ளங்கை அளவுக்கு இன்னும் மரத்தே இருக்கிறது. குளிக்கும்போது அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் சூடா பச்சையா என்று தெரியாது.