புதுப்பிப்பு: நீலகிரி கூடலூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கான மருத்துவப் படிப்புக் கடன்

முந்தைய இழையில் "7.5 லட்சம் வரை சொத்து ஈடு வேண்டாம்" என்று எழுதியிருந்தேன். அதில் பாதி விட்டுப்போனது. வங்கிகள் பொதுவாகப் பின்பற்றும் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி 4 லட்சத்துக்கு மேல் போனால் மூன்றாம் நபர் ஜாமீன் கேட்கலாம், செலவில் 5 சதவீதம் கையிலிருந்தும் போடவேண்டும். 7.5 லட்சத்தைத் தாண்டினால்தான் சொத்து ஈடு.

அங்கேதான் சிக்கல். கூடலூர், பந்தலூரில் ஜென்மம் என்ற பழைய நிலவுடைமை முறையை ஒழித்த ஜென்ம ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் வரும் நிலங்களுக்குப் பட்டா இல்லை. எத்தனை ஏக்கர் தேயிலை இருந்தாலும் அதை வங்கி ஈடாக எடுக்காது. பட்டா உள்ள சித்தப்பா, மாமா வீட்டுச் சொத்தையோ வைப்புத்தொகையையோ முன்கூட்டியே பேசி வையுங்கள்.

இன்னொரு குழப்பம், மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு. அது வேறு, இந்த 7.5 லட்சம் வேறு! 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்து அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டும். பழங்குடியினர் நலப் பள்ளிகளும் இதில் சேரும்; உதவிபெறும் பள்ளிகள் சேராது. அந்த ஒதுக்கீட்டில் சீட் கிடைத்தவர்கள் அவசரப்பட்டு முழுத் தொகைக்குக் கடன் வாங்க வேண்டாம்.

வட்டியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை இல்லை, ஆனால் வட்டி ஓடும். முதலாண்டு எடுத்த 1 லட்சத்துக்கு 10 சதவீதம் என்று வைத்தால், ஆறரை ஆண்டில் (படிப்பு ஐந்தரை, பிறகு ஓராண்டு) தனிவட்டியே 65,000 ரூபாய். முடிந்தால் மாதாமாதம் வட்டியை மட்டும் கட்டிவிடுங்கள்.