ஆசிரியர் பயிற்சிக்கு ஆள் தேடுகிறேன், உதவுங்கள்

வணக்கம். காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் எடுக்கிறேன். கல்லல், புதுவயலிலிருந்து பஸ் பிடித்து வரும் பிள்ளைகள் நோட்ஸ் முழுக்க மஞ்சள் கோடு போட்டுத் திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள். மறுவாரம் கேட்டால் எஸ்என்1, எஸ்என்2 என்ற இரண்டு வேதிவினை வகைகளில் எது எது என்றே குழப்பம். பாவமாக இருக்கிறது, உழைப்பில் குறையே இல்லை.

திரும்பப் படித்தவர்களைவிட, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்ததாக ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2006-இல் காட்டினார்கள். இதை வைத்து எங்கள் ஆசிரியர்களுக்கு ஒருநாள் பயிற்சி நடத்த ஆசை. ஸ்லைடு போட்டுப் பேசுவது வேண்டாம். அவரவர் பாடத்துக்கு, மார்க் போடாத ஐந்து நிமிடக் கேள்விகளை அங்கேயே உட்கார்ந்து எழுத வேண்டும்.

தமிழில் இப்படி நடத்தியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அப்புறம், வணிகவியல், தமிழ்ப் பாடங்களுக்கு மாதிரிக் கேள்விகள் இருந்தால் தயவுசெய்து பகிருங்கள்.