'ஃபன்னி அனிமல்' காமிக்ஸுக்குத் தமிழில் என்ன? (திங்கள் காலை கெடு)

அரைப்பக்கம், வெள்ளி இரவு

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்க காமிக்ஸ் வரலாறு பற்றிய பாடநூலில் ஓர் அத்தியாயம் என் தலையில் விழுந்திருக்கிறது. திங்கள் காலை அனுப்ப வேண்டும். சூப்பர்ஹீரோவை 'மீநாயகன்' என்று போட்டு ஒப்பேற்றிவிட்டேன். விலங்குகள் மனிதர்களைப்போல் பேசி வாழும் கதைகளுக்கான 'ஃபன்னி அனிமல்' என்ற வகைப்பெயரில்தான் மாட்டிக்கொண்டேன். 14 இடங்களில் வருகிறது. கார்ல் பார்க்ஸ் வரைந்த டொனால்ட் டக், அங்கிள் ஸ்க்ரூஜ் கதைகள்தான் முக்கிய எடுத்துக்காட்டு. முதலில் 'வேடிக்கை விலங்குகள்' என்று எழுதினேன். திரும்பப் படித்தால் சர்க்கஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. கை கொடுங்கள்.

நாலாம் வகுப்பு டீச்சர்

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? 'சிரிப்பு விலங்குக் கதை' என்று போடுங்கள். என் வகுப்பில் எந்தப் பிள்ளைக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

பழைய காமிக்ஸ் பெட்டி

டீச்சரம்மா, அங்கேதான் சறுக்குகிறது. அமெரிக்காவில் செய்தித்தாளில் வந்த படக்கதைப் பக்கத்தையே 'ஃபன்னீஸ்' என்றுதான் சொல்வார்கள். ஆக 'ஃபன்னி' என்பதில் பாதி சிரிப்பு, பாதி 'படக்கதை' என்ற பொருள்தான்.

பார்க்ஸையே பாருங்கள். டிஸ்னி ஸ்டூடியோவில் இருந்த மனிதர். 1942இல் ஜாக் ஹன்னாவோடு சேர்ந்து, டொனால்ட் கடற்கொள்ளையர் தங்கத்தைத் தேடிப்போகும் 64 பக்கக் கதையை வரைந்தார். அதே ஆண்டு ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்து, 1966இல் ஓய்வு பெறும்வரை வாத்துகளோடுதான் வாழ்ந்தார். பணக்காரக் கஞ்ச வாத்தான ஸ்க்ரூஜை அவர் முதலில் கொண்டுவந்தது 1947 டிசம்பரில், ஒரு கிறிஸ்துமஸ் கதைக்காக. 1952இல் ஸ்க்ரூஜுக்கென்று தனிப் புத்தகம். அதில் கிழவர் காசுக் குவியலுக்குள் தலைகீழாகப் பாய்கிறார், எலி வளை தோண்டுவதுபோல் குடைகிறார், அள்ளி மேலே வீசித் தலையில் விழ வைத்துக்கொள்கிறார். சிரிப்பு வரும், மறுக்கவில்லை. ஆனால் அவ்வளவு பணத்தோடு தனியாக இருக்கும் கிழவரைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் வயிற்றைப் பிசையும்.

இன்னொன்று. 1972இல் 'ஃபன்னி அமினல்ஸ்' என்று எழுத்தை வேண்டுமென்றே மாற்றிப்போட்ட பெயரில் ஒரு தொகுப்பு வந்தது. ஆர்ட் ஸ்பீகல்மன் அதில் மூன்று பக்கம் வரைந்தார். யூதர்கள் எலிகள், ஜெர்மானியர்கள் பூனைகள். அது பின்னால் 'மவுஸ்' என்று வளர்ந்து 1992இல் புலிட்சர் சிறப்பு விருது பெற்றது. வதைமுகாம் கதை. அதையும் இதே வகையில்தான் சேர்க்கிறார்கள். 'சிரிப்பு விலங்கு' என்ற பெட்டியில் அதை எப்படி வைப்பீர்கள்?

புலவர்

அன்பர்களே, இல்லாத ஒன்றுக்குப் பெயர் தேடுவதாக நினைத்துக்கொண்டு அலைகிறீர்கள். நம்மிடம் இருக்கிறது.

தொல்காப்பியர் செய்யுளியலில் உரைநடையை நான்காக வகுத்தபோது, 'பொருளொடு புணராப் பொய்ம்மொழி' என்று ஒன்றைச் சொன்னார். அதற்கு உரை எழுதவந்த, பேராசிரியர் என்ற பெயருடைய பழைய உரையாசிரியர் என்ன எடுத்துக்காட்டுக் கொடுத்தார் தெரியுமா? ஒரு யானையும் ஒரு குருவியும் நட்பாகி, இன்ன இடத்துக்குப் போய், இன்னது செய்தன என்று சொல்லும் கதை! அடுத்த வகை 'பொருளொடு புணர்ந்த நகைமொழி'. ஒன்றில் விலங்கு, ஒன்றில் நகை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். போதாததற்கு நன்னூலாரும் 'கேட்குந போலவும் கிளக்குந போலவும் இயங்குந போலவும் இயற்றுந போலவும்' அஃறிணையைப் பற்றிச் சொல்லலாம் என்று உரிமம் கொடுத்துவிட்டார்.

ஆகவே 'பொய்ம்மொழிப் படக்கதை'. சுருங்கச் சொன்னால் 'பொய்ம்மொழி'.

அரைப்பக்கம்

ஐயா, யானையும் குருவியும் அருமை. அத்தியாயத் தொடக்கத்தில் அதை ஓர் அடிக்குறிப்பாகவாவது நுழைத்துவிடுவேன். ஆனால் 'பொய்ம்மொழிப் படக்கதை' என்று தலைப்பிட்டால் மாணவன் தேர்தல் அறிக்கை என்று நினைத்துக்கொள்வான்.

வடமராட்சியான்

எங்கட பக்கம் நகைச்சுவைக்குப் 'பகிடி' என்றுதான் சொல்லுறது. 'பகிடி விலங்கு' என்றால் என்ன? காதுக்கு இனிமையாக இருக்கிறது.

நாலாம் வகுப்பு டீச்சர்

இனிமைதான். ஆனால் உங்கள் ஊரில்தானே ராகிங்குக்குப் 'பகிடிவதை' என்று பெயர்? கல்லூரிப் பாடநூலில் 'பகிடி' என்று பார்த்தால் பிள்ளைகள் பயந்துவிடும்.

வடமராட்சியான்

அதுவும் சரிதான் அக்கா. வாபஸ்.

பழைய காமிக்ஸ் பெட்டி

'ஃபன்னி'யை விட்டுவிடுவோம். இந்த வகைக்கு அடையாளம் எது என்று கேட்டால் விடை வேறு இடத்தில் இருக்கிறது. டிஸ்னி உலகத்தில் இரண்டு நாய்கள். புளூட்டோ நாலு காலில் ஓடும், குரைக்கும், மிக்கி மவுஸின் வளர்ப்பு நாய். கூஃபி இரண்டு காலில் நடப்பான், தொப்பி போடுவான், பேசுவான், மிக்கியின் நண்பன். ஒரு நாய் வளர்ப்புப் பிராணி, இன்னொரு நாய் பக்கத்து வீட்டுக்காரன். இதை ஆங்கிலத்தில் விளக்க ஒரு பத்தி வேண்டும். நான் மேலே எழுதியதைத் திரும்பப் பாருங்கள். 'ஓடும்', 'நடப்பான்'. என் கை தானாகவே வினைமுற்றில் பிரித்துவிட்டது.

அரைப்பக்கம்

அட! அப்படியென்றால் பெயரும் திணையிலிருந்தே வரலாமே. 'திணைமயக்கக் கதை'?

புலவர்

கூடாது. திணை மயக்கம் அகப்பொருளுக்குப் பட்டா போட்ட சொல். குறிஞ்சிக்குரிய ஒழுக்கம் முல்லையில் வந்தால் அது. அங்கே நிலத்தைப் பற்றிய பேச்சு, இங்கே வாத்தைப் பற்றிய பேச்சு. நீங்கள் தேடுவது திணை வழுவமைதி. பசுவைப் பார்த்து மகிழ்ச்சியில் 'என் அம்மை வந்தாள்' என்கிறோமே, அது வழுவாக இருந்தும் ஏற்கப்பட்டது. 'வழுவமைதிக் கதை' என்று வைத்தால் இலக்கணப்படி ஒருவரும் குறைசொல்ல முடியாது.

நாலாம் வகுப்பு டீச்சர்

குறைசொல்ல முடியாதுதான் ஐயா, வாங்கவும் முடியாது. குழந்தைப் புத்தகக் கடையில் போய் 'ஒரு வழுவமைதிக் கதை கொடுங்க' என்று கேட்டுப் பாருங்கள்.

புலவர்

கடைக்காரருக்குப் புரிவதற்காக மொழியைக் குனிய வைக்க முடியாது.

சரி, அதை விடுங்கள். 'விலங்கு' என்ற சொல்லையே நீங்கள் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. விலங்குதல் என்றால் குறுக்காதல். மனிதன் நிமிர்ந்து நடக்கிறான், மற்ற உயிரின் உடல் தரைக்குக் குறுக்காகக் கிடக்கிறது, அதனால் விலங்கு. வடமொழியில் 'திரியக்' என்பதும் இதே கருத்து. காலில் பூட்டுகிற விலங்கும் நடையைக் குறுக்கே தடுப்பதுதான். இப்போது சொல்லுங்கள். கூஃபி நிமிர்ந்து நடக்கிறான் என்று நீங்களே எழுதினீர்கள். நிமிர்ந்தபின் அவன் எப்படி விலங்கு?

இரண்டாவது, பார்க்ஸ் வரைந்தது வாத்து. தமிழில் வாத்து பறவை. புள் வேறு, விலங்கு வேறு. 'அனிமல்' இரண்டையும் அடக்கும், 'விலங்கு' அடக்காது.

வடமராட்சியான்

இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. முதலாவதற்கு 'மாக்கள்' எப்படி? 'மாவும் மாக்களும் ஐயறி வினவே, மக்கள் தாமே ஆறறி வுயிரே'. மா மிருகம், மக்கள் மனிதர், நடுவில் மாக்கள். 'மாக்கள் சித்திரக்கதை'.

பழைய காமிக்ஸ் பெட்டி

அழகு! ஆனால் தலைகீழ். மாக்கள் என்றால் மனித உருவில் இருந்தும் ஆறாம் அறிவு இல்லாதவர்கள். ஸ்க்ரூஜ் வாத்து உருவில் இருந்தும் ஆறாம் அறிவு வட்டியும் முதலுமாக உள்ளவர். மேலும் சங்கப் பாட்டில் 'இரவன் மாக்கள்' என்று வெறும் மனிதர்களையும் சொல்கிறார்களே.

அரைப்பக்கம்

இடையில் ஒரு சின்ன உதவி. 'அங்கிள் ஸ்க்ரூஜ்' சித்தப்பாவா, பெரியப்பாவா, மாமாவா?

பழைய காமிக்ஸ் பெட்டி

சந்தேகமே வேண்டாம், தாய்மாமன். டொனால்டின் அம்மா ஸ்க்ரூஜின் தங்கை. ஹூயி, டூயி, லூயி மூவரும் டொனால்டின் சகோதரி பிள்ளைகள். அதுவும் தாய்மாமன் முறை. இரண்டு தலைமுறையாகத் தாய்மாமன் உறவிலேயே நகரும் குடும்பம்!

நாலாம் வகுப்பு டீச்சர்

அந்த மாமன் காதுகுத்துக்குச் சீர் கொண்டுவந்த மாதிரிதான்!

நாம் பூந்தளிர் சிறுவர் இதழில் படித்த கபீஷ் குரங்கை யாரும் சொல்லவில்லையே. வாலை நீட்டி நீட்டி எல்லோரையும் காப்பாற்றுமே, அது இந்த வகையா?

பழைய காமிக்ஸ் பெட்டி

எனக்கும் கபீஷ் பிடிக்கும், ஆனால் இல்லை. கபீஷ் காட்டில் வாழ்கிற குரங்கு. வேட்டைக்காரன் வந்தால் அது குரங்காகத்தான் மாட்டிக்கொள்ளும். பஞ்சதந்திர வழி அது. டொனால்ட் வாழும் டக்பர்க் ஊரில் காட்டு வாழ்க்கை கிடையாது. வீடு, கார், கடன், வேலை போவது, பக்கத்து வீட்டுச் சண்டை. டொனால்ட் வாத்தாக இருப்பது கதைக்குள் யாருக்கும் ஒரு செய்தியே இல்லை. அவன் காற்சட்டை போடாததுகூட.

இன்னொன்றும் கவனியுங்கள். டீச்சர் கபீஷுக்கு 'காப்பாற்றுமே' என்றுதான் எழுதினார். 'காப்பாற்றுவானே' என்று எழுதவில்லை.

நாலாம் வகுப்பு டீச்சர்

சிறுவயதில் 'அவன்' என்றுதான் சொன்ன ஞாபகம். இந்த ஒன்றில் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன்.

அரைப்பக்கம், ஞாயிறு இரவு

59 மடல்கள் ஆகிவிட்டன. கண் எரிகிறது. கதைமாந்தர் என்ற சொல் எல்லோருக்கும் தெரிந்ததுதானே. அதை ஒட்டி 'விலங்குமாந்தர் சித்திரக்கதை' என்று போட்டுவிடவா? சிரிப்பு இல்லை, மவுஸும் உள்ளே வரும், கடைக்காரருக்கும் பாதி புரியும்.

வடமராட்சியான்

போடுங்கோ.

நாலாம் வகுப்பு டீச்சர்

'சிரிப்பு' போனதில் வருத்தம்தான். ஆனாலும் சரி.

பழைய காமிக்ஸ் பெட்டி

முதல் இடத்தில் மட்டும் பக்கத்திலேயே 'ஃபன்னி அனிமல்' என்பதையும் தமிழ் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். தேடுகிறவர்கள் அதைத்தான் தேடுவார்கள். மற்றபடி ஆதரவு, களைப்பினால்.

புலவர்

வாத்து விலங்கு அன்று.

அரைப்பக்கம், திங்கள் காலை

அனுப்பிவிட்டேன். 13 இடத்தில் 'விலங்குமாந்தர்'. பார்க்ஸ் பற்றிய பத்தியில் மட்டும் புலவர் ஐயாவை நினைத்து 'வாத்துமாந்தர்' என்று மாற்றினேன். அந்தக் காலத்தில் புத்தகத்தில் பார்க்ஸின் பெயரே போடாததால் வாசகர்கள் அவரை 'நல்ல வாத்து ஓவியர்' என்றுதான் அழைத்தார்களாம். அந்த வரிக்கும் அது பொருந்திப் போனது. படக்குறிப்பில் 'டொனால்ட் கத்தினான்', 'புளூட்டோ குரைத்தது'.

புலவர்

படக்குறிப்பு சரி. வாத்துமாந்தரும் சரி. மீதி 13 இடத்துக்கு என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். அடுத்த பதிப்புக்கு முன் 'புள்ளும் மாவும்' என்ற தொகையைப் பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.