ப்ரோலாக்டின் கட்டி இருந்தால் மார்பகப் புற்றுநோய் வருமா?

மதுரைக்காரி:
வயது 38. எட்டு மாதமாக மாதவிலக்கு சரியாக வரவில்லை, அப்புறம் இரண்டு மார்பிலும் அழுத்தினால் பால் கசிந்தது. கடைசிப் பிள்ளைக்கே ஒன்பது வயதாகிறது. ரத்தத்தில் ப்ரோலாக்டின் என்ற ஹார்மோன் 140, எம்ஆர்ஐயில் மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பியில் 7 மில்லிமீட்டர் கட்டி. ப்ரோலாக்டினைக் குறைக்கக் காபர்கோலின் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். என் பயம் வேறு. பெரியம்மா, அம்மாவின் கூடப்பிறந்த அக்கா, 51 வயதில் மார்பகப் புற்றுநோயில்தான் போனார். பால் சுரக்க வைக்கிற ஹார்மோன் இத்தனை நாள் அளவு மீறி மார்பில் வேலை செய்திருக்கிறதே, அது ஒன்றும் செய்யாதா? டாக்டரிடம் கேட்டால் "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

நர்ஸக்கா:
தங்கச்சி, நீ கேட்டது நியாயமான கேள்வி. எலிகளில் ப்ரோலாக்டின் மார்புக் கட்டியை வளர்க்கிறது என்று எப்போதோ பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் 1976-ல் தொடங்கி செவிலியர்களைப் பல வருடம் தொடர்ந்த ஆய்விலும், ப்ரோலாக்டின் சற்றுக் கூடுதலாக இருந்த பெண்களுக்கு, முக்கியமாக மாதவிலக்கு நின்ற பிறகு, ஆபத்து கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது. ஆனால் அவர்களுடைய அந்த அளவு, உனக்குப் போலக் கட்டியால் ஏறியது இல்லை. ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் உன்னைப் போல ப்ரோலாக்டின் ஏறிய பெண்களையே தனியாகத் தொடர்ந்து பார்த்தார்கள், மார்பகப் புற்றுநோய் மற்றவர்களைவிடக் கூடுதலாக வரவில்லை. ப்ரோலாக்டின் ஏறினால் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் இறங்கிவிடும், அதனால்தான் மாதவிலக்கு நிற்கிறது, எலும்பும் தேய்கிறது. என்னைக் கேட்டால் நீ கவலைப்பட வேண்டியது எலும்பைப் பற்றித்தான். பெரியம்மா விஷயத்தை மட்டும் டாக்டரிடம் கட்டாயம் சொல், மாமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எப்போது தொடங்குவது என்பதை முடிவு செய்ய அதுதான் தேவை.

காவேரிக்கரை:
என் அண்ணிக்குப் பிட்யூட்டரியில் வளர்ச்சி ஹார்மோன் சுரக்கும் கட்டி. மோதிரம் இறங்காமல் போனது, செருப்பு அளவு ஏறியது, நாங்கள் உடம்பு போட்டுவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். அவருக்குப் பெருங்குடலில் கட்டி இருக்கிறதா என்று கொலோனோஸ்கோபி எடுத்தார்கள். பிட்யூட்டரி கட்டி எல்லாம் ஒரே மாதிரி இல்லை, எந்த ஹார்மோன் என்பதைப் பொறுத்து பார்க்க வேண்டிய இடமும் மாறுகிறது.

பதினோரு வருடம்:
எனக்கும் இதே கட்டிதான். முதலில், பால் வருகிறதா என்று அழுத்தி அழுத்திப் பார்க்காதீர்கள், அழுத்தினால் அந்தத் தூண்டுதலிலேயே ப்ரோலாக்டின் ஏறும். இரண்டு பக்கமும் பால் மாதிரி வருவது ஹார்மோன் கோளாறு. ஒரே பக்கம், அழுத்தாமலே, ரத்தம் கலந்தோ தண்ணீராகவோ வந்தால் அது வேறு கதை, அன்றைக்கே காட்டுங்கள். கட்டி தட்டுப்பட்டாலும் அப்படித்தான். காபர்கோலினை இரவு சாப்பிட்டுவிட்டுப் போட்டுப் படுங்கள், குமட்டல் குறையும். இன்னொன்று, கேஸ் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா? அதில் பலவற்றில் டோம்பெரிடோன் என்ற குமட்டல் மருந்து சேர்ந்திருக்கும், அதுவும் ப்ரோலாக்டினை ஏற்றும். மனநல மாத்திரைகள் சிலவும் ஏற்றும், ஆனால் அதை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது.

மதுரைக்காரி:
அக்கா, இப்போதுதான் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். தினமும் காலையில் போடுகிற கேஸ் மாத்திரையில் டோம்பெரிடோன் என்றே போட்டிருக்கிறது. ஒரு வருடமாகச் சாப்பிடுகிறேன், என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று யாரும் கேட்கவே இல்லை. திங்கட்கிழமை அட்டையோடு போகிறேன், பெரியம்மா விஷயத்தையும் சொல்கிறேன்.