விறகு அடுக்கைத் தரைவரை மூடலாமா?

சுள்ளி:
தார்ப்பாயைத் தரைவரை இறக்கிக் கட்டுவதுதான் சரி. மேலே மட்டும் மூடினால் போதும் என்கிறீர்கள். சாரல் அடித்தால் பக்கமெல்லாம் நனையாதா? நனைந்த கட்டையைக் கணப்பில் வைத்தால் புகைதான் வரும், சூடு வராது.

கோடாலிக்காம்பு:
சாரல் நனைப்பது மேல்பரப்பை மட்டும். கொஞ்சம் வெயிலும் காற்றும் பட்டால் காய்ந்துவிடும். தொல்லை மரத்துக்குள் இருக்கும் தண்ணீர். புதிதாக வெட்டிய கட்டையில், பல மரங்களில், எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். சுற்றிக் கட்டினால் அந்த ஆவி தார்ப்பாயின் உட்புறம் துளிகளாகப் படிந்து விறகின் மேலேயே சொட்டும். அப்புறம் பூஞ்சணம். மேலே மூடுங்கள், பக்கங்களைத் திறந்து விடுங்கள், அடியில் கட்டை கொடுத்துத் தரையிலிருந்து தூக்கி அடுக்குங்கள்.

சுள்ளி:
மரத்துக்கு மரம் மாறும். ஆஷ் மரம் பச்சையாகவே எரியுமே?

கோடாலிக்காம்பு:
எரியும். ஆஷில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் ஈரம். ஆனால் எரிவது வேறு, அறை சூடாவது வேறு. ஒவ்வொரு கிலோ தண்ணீரையும் ஆவியாக்க 2.26 மெகாஜூல் போகிறது. அந்தச் சூடு புகைபோக்கி வழியே ஆகாயத்துக்கு. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய விறகு கிலோவுக்குச் சுமார் 4 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சூடு தரும். பாதி தண்ணீராக இருக்கும் பச்சை விறகில் அதில் பாதிதான்.

சுள்ளி:
என் ஈரமானி 15 சதவீதம் காட்டுகிறதே!

புகைக்கூண்டு:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். ஈரமானியின் ஊசியை எங்கே குத்தினீர்கள்? கட்டையின் வெட்டு முனையிலா? தண்ணீர் வேகமாக வெளியேறுவது அங்கேதான், அதனால் அது எப்போதும் காய்ந்ததாகவே காட்டும். கட்டையை இரண்டாகப் பிளந்து, புதுப் பிளவின் நடுவில் குத்திப் பாருங்கள். உருண்டையாகவே அடுக்கி வைத்தீர்கள் என்றால் தார்ப்பாய்ச் சண்டையே வீண். பட்டை ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். முதலில் பிளக்க வேண்டும். ஓக் போன்ற கெட்டி மரத்துக்குப் பிளந்த பிறகும் இரண்டு வருடம் ஆகலாம்.

சுள்ளி:
சரி, பிளக்கிறேன். பக்கத்தையும் திறந்து விடுகிறேன். ஆனால் ராத்திரியில் கணப்பின் காற்றுத் திறப்பை அடைத்து விடிய விடியக் கனல வைப்பதை மட்டும் விடமாட்டேன்.

கோடாலிக்காம்பு:
அதைத்தான் முதலில் விட வேண்டும். காற்றுப் போதாமல் புகைந்தால் புகைபோக்கிக்குள் தார் படியும். ஒருநாள் அது பற்றிக்கொண்டால் உள்ளே 1000 டிகிரி வரை போகும், கூரைக்கே ஆபத்து. காற்றை முழுக்க அடைத்துவிட்டுத் தூங்கினால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு வேறு. அதற்கு மணமில்லை, நிறமில்லை.

சுள்ளி:
அதற்கு அலாரம் மாட்டியிருக்கிறேன் ஐயா. விடியற்காலையில் அறை சில்லிட்டுப்போனால் யார் எழுந்து பற்றவைப்பது, நீங்களா?

புகைக்கூண்டு:
அலாரம் தாரைப் பார்த்துக் கத்தாது. கடைசியாகப் புகைபோக்கியை எப்போது துடைத்தீர்கள், அதைச் சொல்லுங்கள்.