அலிபி (சம்பவ இடத்தில் இல்லை என்ற) வாதத்துக்கு சிசிடிவி பதிவு வேண்டும், எப்படிக் கேட்பது?

வக்கீல் அண்ணன்கள், அக்காக்கள் யாராவது வழி சொல்லுங்கள். திருவிழாவில் நடந்த அடிதடி வழக்கில் என் சித்தப்பா மகன் பெயரையும் எஃப்ஐஆரில் சேர்த்துவிட்டார்கள், ஆனால் அந்த நேரத்தில் அவன் திருச்சியில் ஒரு மொபைல் கடையில் நின்றுகொண்டிருந்தான், பில்லும் இருக்கிறது. சம்பவ இடத்தில் இல்லை என்று சொன்னால் அதை நிரூபிக்கும் பொறுப்பு நம் தலையில்தான் விழுமாம். வெறும் பில்லை யார் வேண்டுமானாலும் வாங்கியிருக்கலாமே என்று கேட்பார்கள் இல்லையா? அந்தக் கடையின் சிசிடிவி பதிவு கொஞ்ச நாளில் தானாக அழிந்துவிடும், அதுதான் பயம். நாங்களே கடைக்காரரிடம் நகலும், புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 63-வது பிரிவுப்படி (பழைய சட்டத்தில் 65பி) மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் வாங்கிவிட்டால் செல்லுமா, இல்லை கோர்ட் மூலமாகத்தான் கேட்க வேண்டுமா? அப்புறம், இதை இப்போதே போலீசிடம் கொடுப்பதா, கேஸ் கோர்ட்டுக்கு வரும்வரை கையில் வைத்திருப்பதா? வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.